நாற்றம் நின்ற பிறகு

மார்ச் 4

நான் ஏன் பிழைத்தேன்? தெரியவில்லை. ஆறு வயதில் மூளைக்காய்ச்சல். இருபத்து நான்கில் கவிழ்ந்த பேருந்து. போன வாரம், வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் வாயுக்கசிவு. பதிப்பகம் நடத்தும் கல்லூரித் தோழி இதையெல்லாம் புத்தகமாக்கச் சொல்கிறாள். “மூணு தடவை எமனை ஏமாத்தினவ நீ. எழுதுடி.”

நான் யாரையும் ஏமாற்றவில்லை. பேருந்தில் ஜன்னலோர இடம் கேட்டேன், கிடைக்கவில்லை. அவ்வளவுதான்.

மார்ச் 5

தம்பி வந்திருந்தான். “அங்கேயும் கேள்வி கேட்டே கொன்னுருப்பே. தாங்கமுடியாம திருப்பி அனுப்பிட்டாங்க” என்றான். சிரித்துவிட்டேன். அப்புறம், ஆய்வுக்கூடத்தில் என்னோடு விழுந்த சுருட்டையின் நினைப்பு வந்தது. அவளை இன்னும் யாரும் திருப்பி அனுப்பவில்லையே.

மார்ச் 7

காய்ச்சலும் பேருந்தும் ஒரே மூச்சில் வந்துவிட்டன. மூன்றாவதில் பேனா நிற்கிறது. நடந்ததை மட்டும் எழுதிப் பார்க்கிறேன்.

ஹைட்ரஜன் சல்பைடு சிலிண்டர் கசிந்தது. அழுகிய முட்டை நாற்றம். நானும், என்னோடு வேலை பார்க்கும் சுருட்டையும் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வராந்தாவுக்கு ஓடிவந்தோம். வாயுவைக் காட்டும் அலாரம் பழுதுபார்க்கப் போயிருந்தது. கொஞ்ச நேரத்தில் நாற்றம் நின்றது. “போயிடுச்சுக்கா” என்றாள். ஆமாம், போய்விட்டது என்று நானும் சொன்னேன். உள்ளே போனேன்.

அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் நின்றால்தான் ஆபத்து — முதல் வகுப்பிலேயே மாணவர்களுக்கு நாங்கள் சொல்லும் பாடம். இரண்டு பேரும் சொல்வோம். எப்படி மறந்தோம்?

நான் விழுந்தேன். அவள் என்னை வாசல்வரை இழுத்துவந்து போட்டுவிட்டு, அங்கேயே சரிந்தாளாம்.

மார்ச் 8

மருத்துவமனை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே சுருட்டையின் அம்மா. பக்கத்தில் உட்கார்ந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. “சாப்பிட்டீங்களாம்மா?” என்று அவர்தான் கேட்டார்.

மார்ச் 9

தோழியின் அழைப்பை எடுக்கவில்லை.

மார்ச் 10

நாளைக் காலை செயற்கை சுவாசக் குழாயை எடுத்துப் பார்ப்பார்களாம். தானாக மூச்சு விட்டால் சரி. விடாவிட்டால்? டாக்டர், “பாக்கலாம்” என்றார். எனக்கு வேண்டிக்கொள்ளத் தெரியாது. தெரிந்தவர்கள்மேல் இன்று பொறாமையாக இருக்கிறது. அவ வரணும். வந்து என்னை நாலு வார்த்தை கேக்கணும். வேற என்ன வேணும் எனக்கு?

மார்ச் 11

குழாயை எடுத்தார்கள். இருமினாள். நெஞ்சு ஏறி இறங்கியது, நிற்கவில்லை. அவள் அம்மா என் கையை விடவேயில்லை, நகம் பதிந்திருக்கிறது.

மாலையில் என்னை உள்ளே விட்டார்கள். சுருட்டை என்னை நெடுநேரம் பார்த்தாள். தொண்டை கரகரக்க, “அலாரம் வந்துருச்சாக்கா?” என்றாள்.

“இன்னும் வரல.”

“அப்ப உள்ள போகாதீங்க.”

சரி என்றேன். கண்ணை மூடித் தூங்கிப்போனாள். அவள் மூச்சு விடுவதைப் பார்த்தபடி, நர்ஸ் வந்து கிளம்பச் சொல்லும்வரை உட்கார்ந்திருந்தேன்.