தூசி இல்லாத நடு ஓட்டை

அண்ணா,

டிவிக்குப் பின்னால் ஒயர் செருகுகிற மூன்று ஓட்டைகளில் நடு ஓட்டையில் மட்டும் தூசி இல்லை. இன்று காலையில் அதைத்தான் முதலில் பார்த்தேன். படங்களைச் சேர்த்து வைத்து டிவியில் ஓட்ட நீ செய்து வைத்த பெட்டியின் ஒயரைச் சித்தப்பா ஓர ஓட்டையிலிருந்து உருவிக்கொண்டிருந்தார்.

உன் காரியம் முடிகிற வரை டிவி போடக் கூடாது என்று கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். பதினாறாம் நாள் நேற்று முடிந்தது. சித்தப்பாதான் திரும்ப மாட்டினார். படம் வந்தது. ரிமோட்டில் எதை அமுக்கினாலும் உன் பெட்டி மட்டும் அசையவில்லை.

"பொட்டி போச்சிண்ணே. சின்னசேலத்துல தெரிஞ்ச கடை இருக்குது. உள்ள இருக்கறத அழிச்சிட்டு புதுசா ஏத்திக் குடுப்பான்" என்றார் அப்பாவிடம்.

"இன்னாவோ பண்ணு" என்றார் அப்பா, தலை நிமிராமல்.

"அப்பாவுக்கு ரெண்டு ரிமோட்டு ஆவாது பாப்பா" என்றுதானே அதைச் செய்தாய். அப்பா டிவி ரிமோட்டை அமுக்குவார். டிவி அதை ஒயர் வழியாகப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டியில் நீ போட்ட புரோகிராம் அதை வாங்கிப் படம் ஓட்டுகிற பிளேயருக்குச் சொல்லும். நம் டிவியில் நடு ஓட்டை மட்டும்தான் அப்படி அனுப்பும், மற்றதில் வெறும் படம்தான் வரும் என்று கண்டுபிடிக்க உனக்கு இரண்டு நாள் ஆனது. அன்று என்னைப் பார்த்துச் சிரித்தாய்: "நீயும் இந்த ரிமோட்டு மாதிரிதான். அப்பாகிட்ட ஒண்ணு சொல்லணும்னா எங்கிட்ட சொல்லி அனுப்புவ."

உண்மைதான். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டபோதும் உன்னிடம்தான் சொன்னேன். நீதான் அப்பாவிடம் சொன்னாய்.

நீ மாடியில் டிஷ் திருப்பியதை உன் போனில் நான் எடுத்த வீடியோ அந்தப் பெட்டிக்குள் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. வெள்ளிமலை வளைவில் பைக்கோடு போனும் நொறுங்கிப்போனது. உன் குரல் வேறு எங்கும் இல்லை.

சித்தப்பா பெட்டியைப் பையில் போட்டார். நான் பழக்கத்தில் உன்னைத் தேடி வாசல் பக்கம் திரும்பினேன். சொல்லி அனுப்ப ஆள் இல்லை.

"சித்தப்பா, குடுங்க."

"இன்னாம்மா? வாய்க்குள்ளயே பேசிக்கினு இருந்தா எவனுக்குக் கேக்கும்? பஸ்சுக்கு நேரமாச்சி."

"பொட்டியக் குடுங்க. ஒயர மாத்திப் போட்டுட்டீங்க."

"ஒம்பதாவது படிச்சவ எனக்குச் சொல்லித் தரா பாருண்ணே!"

அப்பா தலை நிமிர்ந்தார். என்னையே பார்த்தார். "குடுடா அவகிட்ட."

நடு ஓட்டையில் செருகினேன். பெட்டி உயிர் பெற்று, வீடியோப் பட்டியல் வந்தது. ரிமோட்டில் கீழ்ப் பொத்தானை அமுக்கினேன். அசையவில்லை. மறுபடி அமுக்கினேன். நீலக் கோடு ஒரு வரி இறங்கியது. பிறகு இன்னொரு வரி.

மூன்றாவதில் நீ இருந்தாய். மாடியிலிருந்து கத்தினாய்: "எடுத்தது போதும் பாப்பா, உள்ள போய் படம் வருதான்னு பாரு!"

அம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

நான் சத்தத்தைக் கூட்டினேன்.