சாய்வு சொல்ல முடியாத இடம்

என் உயிர் மச்சி ஜெமீலா,

உன் மீது சலாம். நீ அடங்கியிருக்கும் மையவாடிக்கு நம் ஊரில் பெண்கள் போவதில்லை. அதனால் உன்னிடம் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். பத்திரிகையின் மாதர் பக்கத்துக்கு அனுப்பலாம் என்கிறாள் உன் தங்கை நிஸா. எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. எங்கள் வீட்டோடு ஒட்டி வாப்பா எனக்குச் சீதனமாகக் கட்டும் வீட்டுக்கு ஓடு போட்டாயிற்று. நீ இருந்தபோது வெறும் கூரைக் கைமரங்கள்தான் நின்றன. பழைய கூரையும் புதிய கூரையும் இறங்கிச் சந்திக்கிற இடத்தில் தகரப் பீலி வைத்திருக்கிறார்கள். மாரி தொடங்கியதிலிருந்து இரண்டு பக்கத்துத் தண்ணீரும் அதில்தான் விழுகிறது.

நான் பெரிய பிள்ளையானதும் எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். உன்னை உன் வாப்பா, என் மாமா, நிறுத்தவில்லை. கல்முனையில் உயர்தரக் கணித வகுப்பில் நீ ஒருத்திதான் பெண். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு எங்கள் உள்ளறைக்கு வந்து, அன்று படித்ததையெல்லாம் எனக்குச் சொல்லுவாய். "நீ கேட்டாத்தான்டி எனக்கு மண்டைக்குள்ள ஏறுது" என்பாய். அது உண்மையா, எனக்காகச் சொன்னதா?

ஒரு சார்பின் வரைகோடு எங்கே உயர்ந்து நிற்கிறது, எங்கே தாழ்ந்து கிடக்கிறது என்று தேடும் கணக்குக்கு வந்தோம். பெறுதி என்பது அந்தக் கோட்டின் சாய்வு. அது சைபராகிற இடத்தைப் பிடித்தால் போதும் என்று நான் நினைத்தேன். நீ யன்னலைத் திறந்து கைமரங்களைக் காட்டினாய்.

"இந்தப் பக்கம் ஏறுது, அந்தப் பக்கம் இறங்குது. முகட்டில சாய்வு என்ன?"

"சைபர்."

"சைபரா? அங்க தட்டையா ஒரு பலகை கிடக்கா?"

"இல்ல."

"அப்ப?"

"சொல்ல ஏலா."

"ஓம், சொல்ல ஏலா. ஆனா வீட்டில உசந்த இடம் அதுதானேடி! சைபரை மட்டும் தேடினா முகட்டையே விட்டுருவாய்."

பெறுதி சைபராகும் இடமும் மாறுநிலைப் புள்ளி, பெறுதியே இல்லாத இடமும் மாறுநிலைப் புள்ளி. ஆனால் அந்த இடத்தில் சார்பு இருக்க வேண்டும் என்றாய்.

பிறகு உனக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கிழமை முடியுமுன் நீ இல்லை.

"படிச்சுப் படிச்சு மூளை சூடாகித்தான் காய்ச்சல் வந்த" என்று உன் மையத்தை அடக்க எடுக்குமுன்பே வீட்டில் பெண்கள் கதைத்தார்கள். கேட்டுக் கேட்டு மாமாவும் நம்பிவிட்டார். உயர்தரத்தில் இப்போதுதான் சேர்ந்த நிஸாவைக் கணித வகுப்பிலிருந்து நிறுத்தினார். அவள் அழக்கூட இல்லை. புத்தகத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து ஒளித்து வைத்தாள்.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மாமாவும் வாப்பாவும் முன்னறையில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே நிஸா ஒரு கணக்குச் செய்தாள். எக்ஸை வர்க்கித்துக் கனமூலம் எடுத்து, அதை ஐந்து கழித்தல் எக்ஸால் பெருக்குகிற சார்பு. பெறுதியைச் சைபராக்கி, எக்ஸ் இரண்டு என்று எடுத்து, முடிந்தது என்றாள்.

"முடியல்லடி. பெறுதிர பகுதியில, கோட்டுக்குக் கீழ, எக்ஸ்ர கனமூலம் நிக்குது, பாரு. எக்ஸ் சைபரானா பெறுதி இல்ல. ஆனா சார்பு இருக்கு. அங்கதான் நம்மட பீலி மாதிரி இறங்கி, கூராத் திரும்பி ஏறுது!"

என் சத்தம் உயர்ந்துவிட்டது. முன்னறையில் கதை நின்றது.

"ஆரு அது, ஜெமீலா மாதிரிக் கதைக்கிற?" என்றார் மாமா.

"நம்மட ஹசீனாதான், மச்சான்" என்றார் வாப்பா. "இவளுக்கு இவ்வளவு வாய் இருக்கெண்டு எனக்கே தெரியா."

"உனக்கு இதை ஆரு சொல்லித் தந்த, மகள்?" என்றார் மாமா.

நான் திரைச்சீலைக்குப் பின்னாலேயே நின்றேன். நிஸா என் முதுகில் குத்தினாள்.

"மச்சிதான், மாமா. மச்சி படிச்ச எல்லாத்தையும் நானும் படிச்சன். எனக்குக் காய்ச்சல் வரல்லியே."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. உன் வாப்பாவிடம் போய், உன்னைப் போலப் படித்த நான் சுகமாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேனே. அப்படிச் சொல்லலாமா, மச்சி? நீ என்றால் வேறு விதமாகச் சொல்லியிருப்பாயா?

மாமா தண்ணீர் கேட்டார். உம்மா கொடுத்தாள். குடித்துவிட்டு, "நிஸா, திங்கக்கிழம வகுப்பு எத்தினை மணிக்கு?" என்றார்.

நிஸா இப்போது வகுப்புக்குப் போகிறாள். அஸருக்குப் பிறகு உள்ளறைக்கு வருகிறாள். உன்னைப் போல விளக்க அவளுக்கு வராது, வேகம் அதிகம். நான் கேட்டுக்கொண்டிருப்பேன், மச்சி. அவள் சைபரோடு நிறுத்தினால் விடமாட்டேன். மாமா முன்னறையில் இருந்தாலும் அவருக்குக் கேட்கும்படியே சொல்லுவேன்.

இப்படிக்கு,
உன் மாமியின் மகள்,
உன்னைக் கேட்டுப் படித்த மச்சி ஹசீனா