நீ தண்ணீர் விட்டுப் பார்த்த குழாய்

திருத்தணி
12.6.2024

புஜ்ஜிம்மாவுக்கு அம்மா எழுதுவது,

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஆஸ்டல் சாம்பார் இன்னும் தண்ணியாகத்தான் இருக்கிறதா? போனில் பேசினால் ஆப்பரேஷன் என்று ஆரம்பிக்கிறாய். நான் கோபத்தில் வைத்துவிடுகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். வரி மேல் வரி ஏறியிருந்தால் கோபப்படாமல் படி.

வலது கண் போனது போனதுதான். இடது கண்ணும் இப்போது சாவி ஓட்டையில் பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. நேற்று பொதட்டூர்பேட்டைத் தறியில் நாலு இழை அறுந்து ஓடியது எனக்குத் தெரியவில்லை. முதலாளி தணிகாசலம், "இன்னாக்கா, லுங்கி நெய்யச் சொன்னா கொசுவலை நெய்ஞ்சிகினு கீறியே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் அழுகை வந்தது.

சரி, டாக்டர் சொன்னபடி கண்ணில் குழாய் வைத்துக்கொள்கிறேன். ஆனால் இருப்பது ஒரே கண். யாரோ செய்த குழாயை நம்பி அதைக் கொடுக்க மாட்டேன். உன் ஆபீசில் கண்ணுக்கு வைக்கிற குழாய்களைத் தண்ணீர் விட்டுப் பார்க்கிறாயே, அதில் நல்லதாக ஒன்றை உன் கையால் எடுத்துக் கொடு. அதைத்தான் வைத்துக்கொள்வேன்.

உன் அம்மா
காஞ்சனா


சென்னை
17.6.2024

அன்புள்ள அம்மாவுக்கு சௌமியா எழுதுவது,

உனக்காகப் பெரிய எழுத்தில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருக்கிறேன். சாம்பார் தண்ணிதான்.

நான் தண்ணீர் விட்டுப் பார்க்கிற குழாய் யார் கண்ணுக்கும் போகாதும்மா. ஒரு பெட்டிக்கு ஐந்து எடுத்துப் பார்ப்போம். பார்த்ததைக் கொஞ்ச நாள் வைத்திருந்து குப்பையில் போட்டுவிடுவோம். உன் கண்ணில் ஊறுகிற நீர் வெளியே போக வழியில்லாமல் அழுத்தம் ஏறுகிறது. குழாய் அதை மெல்ல வெளியே விடும். அதிகம் விட்டால் கண் சுருங்கிவிடும். விடவே இல்லையென்றால் பார்வை போய்விடும். அதனால் கண்ணில் ஊறுகிற அதே வேகத்தில் நீரை அனுப்பி, அழுத்தம் எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பேன். ஒரு சொட்டு சேர இருபது நிமிடம் ஆகும். உனக்கு இந்தப் பொறுமை கிடையாது.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் முடியட்டும். மறுவாரம் லீவு போட்டுவிட்டு வருகிறேன். சொட்டு மருந்தை மட்டும் விட்டுவிடாதே.

உன் புஜ்ஜி


திருத்தணி
3.9.2024

புஜ்ஜி,

எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன். மூன்று நாள் காய்ச்சல் என்றார்கள். காவடிக் கூட்டம் மலைக்கு வந்துகொண்டிருந்தது. நான் அதற்கு எதிராக ஸ்டேஷனுக்கு ஓடினேன். சென்னைக்கு வந்து சேர்வதற்குள் உன்னைத் துணியில் சுற்றிவிட்டார்கள். இன்றோடு முப்பத்தெட்டு நாள்.

சொட்டு மருந்தை நிறுத்திவிட்டேன். இனி யாரைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. போன வாரம் உன் போட்டோவை எடுத்தால், நெற்றி தெரியும்போது வாய் தெரியவில்லை. வாயைப் பார்த்தால் கண் இல்லை. பயந்துபோய் மருந்தைத் தேடி எடுத்து விட்டுக்கொண்டேன்.

புதன்கிழமை பக்கத்து வீட்டு தேவயானி கையைப் பிடித்துக்கொண்டு உன் ஆபீசுக்குப் போனேன். உன்கூட வேலை செய்த சினேகாவிடம், "எம் பொண்ணு பாத்த குழாய் ஒண்ணு குடும்மா" என்று காலில் விழப் போனேன்.

"ஐயோ அம்மா, அது கண்ணுல வெக்கக் கூடாதுங்க" என்று அழுதாள். ஐந்தில் ஒன்று சரியில்லை என்று ஒரு பெட்டியையே நீ திருப்பி அனுப்பினாயாம். மேனேஜர் கத்தியும் கேட்கவில்லையாம். "அக்கா சரின்னு சொன்ன பெட்டிதாங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போச்சு" என்றாள்.

எனக்கு அது போதவில்லை புஜ்ஜி. உன் கையெழுத்தில் சீட்டு ஒட்டிய டப்பா ஒன்று மேசையில் இருந்தது. அவள் மூக்கைச் சிந்தத் திரும்பினபோது ஒன்றை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அவள் பார்த்துவிட்டாள். டப்பாவை மூடி உள்ளே வைத்தாள். நகம் அளவுக்கு ஒரு தகடு, அதில் சேமியா மாதிரி ஒரு குழாய். இதற்காகவா நீ மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தாய்?

இன்று காலை கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவிடம் அதை நீட்டினேன்.

"இத உள்ள வெச்சா சீழ் புடிச்சி இருக்கிற கண்ணும் போயிடும்மா."

"எம் பொண்ணு கை பட்டதுங்க. ஒண்ணும் ஆவாதுங்க."

அவர் அதைத் திரும்ப என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். வியாழக்கிழமை வேறு குழாய் வைக்கிறாராம். இன்னும் தள்ளினால் இந்தச் சாவி ஓட்டையும் அடைபட்டுவிடும் என்றார்.

வைத்துக்கொள்கிறேன். யாரோ செய்த குழாய்தான். உன் நெற்றியாவது மிஞ்சட்டும்.

ஆப்பரேஷனுக்குச் சம்மதம் என்று ஒரு காகிதம் கொடுத்திருக்கிறார்கள். என் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்குக் கீழே, கூட இருந்து பார்த்துக்கொள்ளும் ரத்த உறவு, பெயர், போன் நம்பர் என்று இன்னொரு கோடு இருக்கிறதாம். தேவயானி பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "இங்க யாரு பேரு எழுதறதுக்கா?" என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறாள்.

அவளுக்கு நான் என்ன சொல்லட்டும் புஜ்ஜி?