வாப்பாவின் பிரஷரும் அஸாம் சாச்சாவின் தொண்டையும்

திருகோணமலை

அன்பு மகள் அப்ராவுக்கு, வாப்பாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் உம்மாவும் நானும் சுகம், மெல்பேர்னில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க எந்நேரமும் துஆ செய்கிறோம்.

நீங்கள் சொன்ன அந்தச் சிகிச்சைக்காகத்தான் கொழும்புக்குப் போய் வந்தேன். நாலு வகைக் குளிசை போட்டும் இறங்காத பிரஷருக்கு, தொடையிடுக்கு இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயொன்றை விட்டு, சிறுநீரகத்துக்குப் போகிற நரம்புகளைச் சூடு வைத்து அடக்குவார்களாம். இப்போதுதான் பரவி வருகிறதாம், எல்லாருக்கும் பலிக்காதாம், செய்தாலும் குளிசையை அடியோடு நிறுத்த ஏலாதாம். எனக்கு அதெல்லாம் பெரிதில்லை, எப்படியாவது பிரஷரை இறக்கி மீன் சந்தையில் என் இடத்தில் திரும்ப நிற்க வேண்டும். இருபத்தாறு வருடம் நான் ஏலம் கூறிய இடம். நான் தலைசுற்றி விழுந்த மறுநாளே உங்கள் அஸாம் சாச்சா, என் கூடப்பிறந்த தம்பி, அதில் ஏறி நின்றுவிட்டான். நின்றதோடு விட்டானா, வள்ளக்காரர் எல்லாருக்கும் முன்னால், மூத்தவன் என்றும் பாராமல், "நானாவுக்கு மண்டை கலங்கிப் போச்சு, இனி அவரால ஏலாது" என்றும் சொன்னான். அந்த வார்த்தையை நான் மன்னிக்கவில்லை.

டொக்டர் கெட்டிக்காரர். குழாய் விடுமுன் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்று இரத்தம் சோதித்தார், பொட்டாசியம் குறைந்திருந்தது. என்ன சாப்பிடுவீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். தொண்டை கட்டாமலிருக்க நாள் முழுக்க அதிமதுரம் சப்புவேன், வீட்டில் படுத்த பிறகும் விடவில்லை என்றேன். பிரஷரை ஏற்றுவதே அதுதான் என்றார். அதிமதுரத்தை விட்டு ஆறு கிழமை, ஒன்றரை மாதமாகிறது, இப்போது இரண்டு குளிசையிலேயே அடங்கியிருக்கிறது, குழாய் தேவையில்லையாம்.

இனிக் கேளுங்கள். அஸாமுக்கு ஏலம் கூறப் பழக்கியது நான், வாயில் அதிமதுரம் அடக்கப் பழக்கியதும் நான்தான். இப்போது அவன் என்னைவிட இரட்டிப்பாகச் சப்புகிறான். போன வெள்ளி ஜும்ஆ முடிந்து வந்து, தலையிடி விடுகுதில்லை, பிரஷர் ஏறிக் கிடக்கு, கொழும்பில் உங்களுக்கு என்ன வைத்தியம் செய்தாங்க என்று கேட்டான். ஒன்றும் ஞாபகமில்லை தம்பி, மண்டை கலங்கின ஆள்தானே நான் என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்து மனம் குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன். இது பாவம், உங்கள் வாயால் நீங்களே அவனிடம் சொல்ல வேண்டுமென்று உம்மா மூன்று நாளாக என்னோடு கதைப்பதில்லை.

மகள், உப்பைக் குறையுங்கள், மருமகனையும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். அல்லாஹ் உங்கள் எல்லாருக்கும் நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். இதைப் போனில் சொல்லியிருந்தால் அடுத்த நிமிடமே சாச்சாவுக்கு எடுத்திருப்பீர்கள், உங்கள் மனம் எனக்குத் தெரியும். கடிதம் வந்து சேர இரண்டு கிழமையாவது செல்லும். அதுவரைக்கும் அவன் சப்பட்டும். கிடைத்ததும் உடனே எடுத்துச் சொல்லுங்கள், நான் சொன்னதென்று மட்டும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாப்பா ஸஹாப்தீன்