அவரிடம் பேசப் படித்த பாஷை

சிவமயம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சீபுரம்.
பிலவங்க வருடம், மாசி 12

மொசாம்பிக்கில் இருக்கும் அன்புத் தம்பி தாவீதுக்கு உன் அண்ணி அம்சவேணி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது.

இங்கு பாதி சௌக்கியம். அதாவது உன் அண்ணனுக்கு இடது பக்கம் சௌக்கியம்; வலது பக்கம் ஐப்பசி மழையோடு போய்விட்டது. பட்டு சொசைட்டி வேலைக்குக் கிளம்பினவர் வாசற்படியில் குடையை விரிக்கும்போதே சாய்ந்தார். குடை மட்டும் ஒழுங்காக விரிந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பங்குனி தாண்டினால் பெரிய விஷயம் என்று டாக்டர் என் மருமகனிடம் சொன்னாராம். என்னிடம் சொல்லவில்லை. எப்போதும் சிரித்துக்கொண்டு நிற்கிறவளுக்கு என்ன புரியப்போகிறது என்று நினைத்திருப்பார்.

உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆகவேண்டும் தம்பி. வேறு யாராலும் ஆகாது. நடந்ததையெல்லாம் சொன்னால்தான் அது உனக்கு விளங்கும். அங்கே யாராவது பக்கத்தில் இருந்தால் அனுப்பிவிட்டு உட்கார்ந்து படி.

வாதம் வந்த புதிதில் அவர் வாய் திறக்கவில்லை. அது எனக்குப் பழக்கமானதுதான். கோவாவை நம் சர்க்கார் பிடித்த விவகாரத்தின்போது, அதற்குப் பழியாக அங்கே நம் ஆட்களை அடைத்துவைத்துக் கப்பலேற்றி விரட்டினார்களே, அந்தக் கப்பலில் வந்து இறங்கிய நாளிலிருந்து என்னிடம் 'சோறு போடு', 'கதவைச் சாத்து' என்பதைத் தவிர வேறென்ன பேசினார்? கூடப் பிறக்காவிட்டாலும் அங்கே அவருக்குத் தம்பியாக இருந்த நீ, உன் பெண்டாட்டி அந்த ஊர்ப் பிரஜை என்பதால் தப்பித்து அங்கேயே இருந்துவிட்டாய். இவர் வந்து ஊமைச்சாமியாக உட்கார்ந்தார். ஆனால் கார்த்திகை பிறந்ததும் வாய் திறந்தது பார், அப்புறம் மூடவே இல்லை. ஒரு பக்கம் கோணின வாயோடு நாள் முழுக்கப் பேச்சு. அதில் ஒரு வார்த்தை தமிழ் இல்லை.

தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுத் தெலுங்குக்காரி கிருஷ்ணம்மாள் அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டுவிட்டு, 'சத்தியமா இது எங்க பாஷை இல்ல அம்சா' என்று, ஏதோ பழி வந்துவிடும் போலச் சொல்லிவிட்டு ஓடினாள். ஜரிகைக்கடை பாய் வந்து, 'உருதுவும் இல்லம்மா' என்று கையை விரித்தார். கடைசியில் ஓதுவார் உமாபதி வந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். 'இது மந்திரம்மா. போன ஜென்மத்து வாசனை இப்ப வெளிய வந்துக்கினு இருக்குது' என்று சொல்லி விபூதி பூசிக் கைகூப்பினார். அவ்வளவுதான், மறுநாள் வெற்றிலை பழத்தோடு பெண்கள் வரிசையில் வந்து இவர் காலில் விழுந்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன்.

படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைக்க டிஸ்பென்சரியிலிருந்து ஒரு கோவா சிஸ்டர் வருவாள். அவள் பெயர் என் வாயில் நுழையாது. முதல் நாள் வந்தபோது ஓதுவார் கைகூப்பிக்கொண்டு நிற்கிறார், இவர் மந்திரம் ஓதிக்கொண்டிருக்கிறார். சிஸ்டர் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். 'அம்மா, இது போர்த்துகீசு. எறால் நல்லா கெட்டியா இருக்கா பாத்து வாங்கு, நேத்து வாங்கினது நாறிப்போச்சு, சொல்றார்' என்றாள். ஓதுவார் அன்றைக்குப் போனவர்தான். இவரோ, இந்த வீட்டில் சோமவாரத்தன்று வெங்காயம் விழுந்த குழம்பைத் தள்ளிவைத்த மனுஷன், தம்பி.

எனக்குத் தமிழே மூன்றாம் வகுப்புவரைதான். ஆனாலும் சிஸ்டரைப் பிடித்துக்கொண்டேன். கட்டிக்கொண்டு இத்தனை வருடத்தில் முதல்தடவையாக இந்த மனுஷன் பேசுகிறார், என்ன பேசுகிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? அவர் கட்டிலருகே உட்கார்ந்து ராட்டினத்தில் பட்டு சுற்றிக்கொண்டே பாடம் படித்தேன். 'முன்பெல்லாம் வழக்கமாகச் செய்தது' என்று சொல்லப் பெரும்பாலும் 'அவா' என்று முடிக்கவேண்டும். கொம்ப்ராவா என்றால் வாங்குவது வழக்கம், கந்தாவா என்றால் பாடுவது வழக்கம். இனிமேல் செய்யப்போவதற்கு முன்னால் ஒரு 'வோ' போட்டால் போதும். ஒரே தரம் நடந்து முடிந்ததற்கு வேறு ஒன்று இருக்கிறதாம். அது வேண்டாம் சிஸ்டர், இவர் ஒரே தரம் செய்ததெல்லாம் எனக்கே தெரியும் என்றேன். அவளுக்குக் காது சிவந்துவிட்டது, பாவம்.

என் பெண் மங்கையர்க்கரசி வாலாஜாபாத்திலிருந்து அப்பாவைப் பார்க்க வந்தவள், நான் கொம்ப்ராவா, கந்தாவா என்று சொல்லிக்கொண்டு ராட்டினம் சுற்றுவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். 'உனக்கு ரோஷமே கெடயாதாம்மா? நம்மள தவிக்க வுட்டுட்டு அங்க போய் என்னா ஆட்டம் ஆடினாரோ, அந்தப் பாஷைய கத்துக்கினு கொஞ்சிக்கினு இருக்கறியே' என்றாள். 'இந்த வயசுலதான்டி உங்கப்பாகிட்ட எனக்குப் பேச்சு கெடச்சிது, கெடச்ச பாஷையில பேசிக்கறேன் வுடு' என்றேன். சாப்பிடாமல் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

பாஷை வந்தது, ஆனால் அவர் என் பக்கம் திரும்பவில்லை. 'ஏங்க' என்றாலும், 'இதோ பாருங்க' என்றாலும் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவார். அங்கெல்லாம் வீட்டுப் பெண்கள் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், நீயும் கூப்பிடு என்றாள் சிஸ்டர். ரேஷன் கார்டு எழுத வந்தவனிடமே நான் சொல்லாத பெயர்! அந்தப் பெயரின் முன்பாதி வாயில் வந்துவிடக் கூடாதென்று, சொந்தப் பெண்ணுக்கு நடந்ததையே முகூர்த்தம் முகூர்த்தம் என்று சொல்லிக் காலம் தள்ளினவள் நான். இரண்டு நாள் தயங்கினேன். மூன்றாம் நாள் முதுகைத் திருப்பிக்கொண்டு, சுவரைப் பார்த்து, பின்பாதியை மட்டும் சொன்னேன். 'சுந்தர்.'

திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். இந்த வீட்டில் அவர் யாரையும் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. 'அமேலியா' என்றார்.

நீ இப்போது படிப்பதை நிறுத்தியிருப்பாய். நிறுத்தாதே, எனக்கு உன்மேல் கோபம் இல்லை. நீ எனக்கு எத்தனை கடிதம் எழுதினாய், ஒன்றிலாவது அந்தப் பெயர் வழுக்கி விழுந்ததா? கெட்டிக்காரன். கடல் தாண்டின ஆம்பளை சும்மாவா இருந்திருப்பார் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஏதோ ஒருத்தி என்று நினைப்பது வேறு, அவளிடம் எறாலைப் பார்த்து வாங்கு என்று சொல்லிக் குடித்தனம் நடத்தினார் என்று கேட்பது வேறு.

அன்றிலிருந்து நான்தான் அமேலியா. பொய் சொல்வது பாவம் என்று சிஸ்டர் முகத்தைத் தூக்கினாள். 'நான் எங்க சொன்னேன், அவரு கூப்பிட்டாரு, நான் என்னான்னு கேட்டேன்' என்றேன். எழுந்து போனவள் மறுநாள் வந்து என் உச்சரிப்பைத் திருத்தினாள். அவரோ பேச்சான பேச்சு. சனிக்கிழமை சாயங்காலம் கடற்கரைக்குப் போவது வழக்கமாம். அமேலியா, நீ செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மதில்மேல் நடப்பாய், விழுந்துவிடுவாய் என்று நான் கத்துவேன் என்கிறார். பாப்பா என் தோளில்தான் தூங்குவாள் என்கிறார். சட்டையெல்லாம் எச்சில் பண்ணுவாள் என்று சிரிக்கிறார். மங்கையர்க்கரசியை அவர் ஒரு தரம் தூக்கினார், காது குத்துக்கு வந்தபோது. அதுவும் மாமன் மடியில் உட்காரவைக்க எடுத்துக் கொடுத்தது.

எப்போது பேச்சை முடித்தாலும் 'அமன்யா வோ வோல்டார்' என்றுதான் முடிப்பார். உனக்குச் சொல்லவேண்டியதில்லை. நாளைக்குத் திரும்பி வரப்போகிறேன் என்று அர்த்தம். இந்த வீட்டில் படுத்துக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வீட்டுக்குத் திரும்பப்போகிறாராம்.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாதே. ஒரு கேள்வியைச் சிஸ்டரிடம் கேட்டு, உருப்போட்டு, பொங்கல் கழித்து ஒரு நாள் கேட்டேன். இந்தியாவில் உனக்கு ஒரு மனைவி இருந்தாளே, அவள் எப்படி இருப்பாள்? ஏதாவது சொல்வார் என்று ஆசை. வாயாடி என்பார், கறுப்பு என்பார், என் குழம்பை நல்லதென்றோ உப்பென்றோ சொல்வார். அவர் ஒரே வார்த்தை சொன்னார்: 'மொர்ரேவ்.' எனக்குச் சொல்லிக்கொடுத்த வார்த்தைகளில் அது இல்லை. சிஸ்டர் ஊசியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுக்கொண்டு நின்றாள். கேட்டேன். இடுக்கியால் ஊசியைப் புரட்டினாள். மறுபடி கேட்டபோது திரும்பாமலே, 'செத்துப்போச்சு' என்றாள்.

இவர் அமேலியாவிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார் போலிருக்கிறது. நான் செத்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று உனக்காவது தெரியுமா தம்பி? தெரிந்திருந்தால் நானே எள்ளும் தண்ணியும் இறைத்திருப்பேன். சிரித்தேன். சிஸ்டர்தான் அழுதாள். அவளை உட்காரவைத்து மோர் கொடுத்தேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் கிட்டே போய், தமிழில் 'நான்தாங்க அம்சவேணி' என்றேன். கீரைக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தார். அதையே அவர் பாஷையில் சொன்னேன். நான் சாகவில்லை, உன் மனைவி, இங்கேதான் இருக்கிறேன் என்றேன். அப்போது புரிந்தது அவருக்கு. நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டு சுவரோரம் ஒண்டினார் பார், பேயைக் கண்ட பிள்ளை மாதிரி. அமேலியா, அமேலியா என்று கூப்பிட்டார். அன்றைக்கு முழுக்கக் கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை. மறுநாள் காலையில் 'சுந்தர்' என்று கூப்பிட்டுக்கொண்டு போனேன். வாய் திறந்தார்.

அதற்குமேல் நான் முயற்சி செய்யவில்லை. செய்யவும் மாட்டேன்.

இனி என் காரியம். தை கடைசியிலிருந்து பேச்சு குறைந்துகொண்டே வருகிறது. மத்தியானம் கஞ்சி குடித்துக் கண் செருகும் நேரத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறார். நீ வழக்கமாகச் சொல்வாயே, சொல்லு என்கிறார். என்ன சொல்வது? சிஸ்டருக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் சொல்லிப் பார்த்தேன், தாலாட்டும் பாடிப் பார்த்தேன். அதில்லை என்று தலையை ஆட்டுகிறார். தூங்காமல் காத்துக்கொண்டே கிடக்கிறார். அது என்னவென்று அமேலியா ஒருத்திக்குத்தான் தெரியும்.

அவளைப் போய்ப் பார். இன்றைக்கே போ. இவர் விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று அவள் சபித்துக்கொண்டிருந்தால், அப்படியில்லை என்று சொல். தினமும் நாளைக்குத் திரும்புகிறேன் என்றுதான் சொல்கிறார் என்று சொல், அது பொய்யில்லை. பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டால், ஒரு நர்ஸம்மா என்று சொல். செத்தவளை நீ உயிரோடு எழுப்பிவிடாதே. படுக்க வைக்கும்போது அவள் அவரிடம் என்ன சொல்வாள் என்று கேட்டு, தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதி அனுப்பு. பாட்டாக இருந்தால் எந்த இடத்தில் இழுப்பாள் என்றும் எழுது. வெட்கப்பட்டுச் சொல்லமாட்டேன் என்றால் விடாதே, பெண்பிள்ளையிடம் பேசத் தெரியாதவனா நீ?

அந்தப் பாப்பா இப்போது பெரியவளாகியிருப்பாள். காலத்தில் நல்ல இடம் அமைந்து, பக்கத்திலேயே இருக்கிற புருஷனாக வாய்க்கட்டும். காமாட்சி அம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு எல்லாப் பாஷையும் தெரியும்.

நேரே அனுப்பினால் சேருமோ என்னவோ என்று இதை நைரோபி சேட்டு கடை வழியாக அனுப்புகிறேன். எப்போது உன் கைக்கு வருமோ தெரியாது. உன் பதில் வருவதற்குள் இங்கே முடிந்துவிடலாம். முடிந்துவிட்டது என்று யார் மூலமாவது கேள்விப்பட்டாலும், இனி எதற்கு என்று எழுதாமல் இருந்துவிடாதே தம்பி. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவேண்டும்.

நீயும் உன் குடும்பமும் உங்கள் மாதா காவலில் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
உன் அண்ணி
அம்சவேணி