விழாம வாங்க

என் ராங்கிக்காரிக்கு,

இறுதி ஓட்டத்துக்கு முன் எங்கள் எட்டுப் பேரையும் ஓர் அறையில் உட்காரவைத்து, போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். அதனால்தான் காகிதம். ஓட்டம் முடிந்ததும் படம் எடுத்து அனுப்புகிறேன். பக்கத்து லேன்காரன் தொடையில் படார் படாரென்று அறைந்துகொண்டே இருக்கிறான். எரிச்சலாக வருகிறது.

காலையில் பேசியபோது வீட்டில் டீவி முன்னால் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னாய். உன் பின்னால் யாரோ டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். நம் வீட்டில் எப்போதிலிருந்து டோக்கன்?

அதையாவது விட்டுவிடலாம். ஒவ்வொரு போட்டிக்கும் "விழாம வாங்க" என்பாய். "தடை தாண்டப் போறவன்கிட்ட விழறதைப் பத்திப் பேசாதடி" என்று நானும் ஒவ்வொரு முறையும் கத்துவேன். இன்று "நல்லா ஓடுங்க" என்றாய். ஏன்டி மாற்றிச் சொன்னாய்?

ஆஸ்பத்திரியில் உனக்கு எடுத்த டெஸ்ட்டின் ரிசல்ட் நான் திரும்பிய பிறகுதான் வரும் என்றாய். சரி, நம்புகிறேன்.

கல்யாணமான புதிதில், "தடையை இடிச்சா அவுட்டா?" என்று கேட்டாயே. இல்லையடி. கால் பட்டுப் பத்துத் தடையும் சாய்ந்தாலும் ஓடிக்கொண்டே இருக்கலாம்.

கூப்பிடுகிறார்கள். இன்று நான் சொல்கிறேன், வேண்டுமானால் நீ கத்து. விழாம இரு. வந்துடறேன்.

உன் வீட்டுக்காரன்