நாலு அடி ஆறரை அங்குலத்துக்கு ஒரு சைக்கிள்

9 நவம்பர் 2025, ஞாயிறு

சிங்காரம் சார் வீட்டு மாடியில் இன்று மாலை இருந்தவர்கள்: சிங்காரம் சார், அன்பரசு, அவர் மனைவி கனிமொழி, வேன் ஓட்டும் ஜெயப்பிரகாஷ், என் நாத்தனார் விருத்தாம்பாள் அண்ணி, இவர், நான். ஆக ஏழு பேர். வராமல் பேர் மட்டும் கொடுத்தவர்கள் எட்டு.

மார்கழித் திருவாதிரைக்குக் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குச் சைக்கிளில் போகும் குழு இது. போய் இரண்டு ராத்திரி தங்கி, தேரும் தரிசனமும் பார்த்துவிட்டு, சைக்கிளிலேயே திரும்புவார்கள். அவரவர் துணிப்பை அவரவர் சைக்கிளில். சமையல் சாமான் மட்டும் வேனில். சார் டிரில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் இன்னும் ஓய்வு பெறவில்லை. பட்டியலை அந்தக் குரலில் வாசித்தார்.

"சைக்கிள்: பதினோரு பேர். வேன் முன் சீட்டு: விருத்தாம்பாள். வேன் பின்னாடி: பாத்திரம், கொளஞ்சி, அரிசி மூட்டை."

மூன்று வருஷமாக இதே வரிசைதான். பாத்திரத்துக்கும் அரிசிக்கும் நடுவில் நான். இவர் வீட்டுக்குக் காவல். இன்று என்ன வந்ததோ, எழுந்து நின்றேன். "சார், எம்பேர சைக்கிள் பக்கம் எழுதுங்க."

அண்ணிதான் முதலில் சிரித்தார். "ஏன்டி கொளஞ்சி, நீ சைக்கிள ஓட்டுவியா, சைக்கிள் உன்ன ஓட்டுமா?" எல்லாரும் சிரித்தார்கள். இவரும்.

சார் சிரிக்கவில்லை. "டிசம்பர் இருவத்தொண்ணு, ஞாயித்துக்கெழம. கட்டுன பையோட ஆலப்பாக்கம் போயி திரும்பணும். வந்துட்டீங்கன்னா பேர மாத்துறேம்மா. இல்லன்னா வேனு."

ஆறு வாரம் இருக்கிறது.

10 நவம்பர்

ஏன் அப்படி எழுந்து நின்றேன் என்று காலையில் விளக்கேற்றும்போதுதான் எனக்கே தெரிந்தது. மகள் இலக்கியா டெங்குவில் கிடந்தபோது, "பிள்ளையக் குடுத்துடு, உன்ன என் காலாலயே வந்து பாக்குறேன்" என்று நடராஜரிடம் வேண்டிக்கொண்டேன். கொடுத்துவிட்டார். அவள் இப்போது சிதம்பரத்திலேயே கல்லூரியில் படிக்கிறாள். எனக்குத்தான் குதிகாலில் எலும்பு வளர்ந்துவிட்டது. தூரம் நடக்கக் கூடாது, சைக்கிள் வேண்டுமானால் ஓட்டலாம் என்றார் டாக்டர். மூன்று தரிசனமும் வேனில் போய்ப் பார்த்தவைதான். மூன்று தடவையும் சாமியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. தூக்கிய பாதத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

அளவு எடுத்தேன். உயரம் நாலு அடி ஆறரை அங்குலம். உள்கால் அளவுக்கு, ஒரு புத்தகத்தைக் கால் இடுக்கில் வைத்துச் சுவரில் கோடு போடச் சொன்னாள் இலக்கியா போனில். புத்தகத்தைக் காலில் படவிடுவதா? செருப்புப் பெட்டி அட்டையை வைத்தேன். 62 சென்டிமீட்டர்.

12 நவம்பர்

இலக்கியா பிளஸ் ஒன் படித்தபோது அரசாங்கம் கொடுத்த சைக்கிளை எடுத்தேன். நான் எட்டாவதோடு நின்றதால் எனக்கு அப்படி ஒன்று வரவில்லை. சீட்டை முழுக்க இறக்கியும் பெடல் கீழே போனால் கால் விட்டுப்போகிறது. இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டித்தான் மிதிக்க வேண்டியிருக்கிறது. நாலு தெரு போவதற்குள் தொடை இடுக்கு வெந்துவிட்டது. நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு இது ஆகாது.

16 நவம்பர், ஞாயிறு

இவரோடு பெரிய சைக்கிள் கடைக்குப் போனேன். கடைப் பையன், "பாப்பாவுக்கா ஆன்ட்டி?" என்றான். எனக்கு என்றேன். என்னை மேலிருந்து கீழே பார்த்தான். அதற்கு அதிக நேரம் ஆகவில்லை.

தூரம் போகிறவர்கள் வாங்குவதாம், மெல்லிய பெரிய சக்கரம். அதிலேயே சின்ன சைஸ் என்று ஒன்றை எடுத்தான். சட்டம்தான் சின்னது, சக்கரம் அதே பெரிது. கடை வாசலில் ஓட்டித் திருப்பினேன். பெடலில் இருந்த என் கால்விரல் முன்சக்கரத்தில் இடித்து, அப்படியே விழுந்தேன். அடுத்து இருபது அங்குலச் சக்கரம் — ரோஸ் கலர், கூடை, கைப்பிடியில் ஜிகினா. "மணியும் இருக்கு ஆன்ட்டி" என்றான்.

இவர் வாயைப் பொத்திக்கொண்டு தெருப்பக்கம் திரும்பி நின்றார். வீட்டுக்கு வரும்வரை அவரோடு பேசவில்லை.

18 நவம்பர்

அன்பரசு வீட்டில் மகனுடைய இருபத்து நாலு அங்குல சைக்கிள் சும்மா நிற்கிறது. மகன் கோயம்புத்தூரில். ஓட்டிப் பாருங்கள் என்று கனிமொழி கொடுத்தாள். இவரும் அன்பரசுவும் சேர்ந்து, உட்கார்ந்தால் என் இரண்டு காலும் தரையில் முழுசாகப் படியும்வரை சீட்டை இறக்கினார்கள். அண்ணி வந்து பார்த்து, "ம், இப்பத்தான் பயமில்ல" என்றார். எல்லாருக்கும் திருப்தி. எனக்கும்தான். விரல் இடிக்கவில்லை, விழவில்லை. தேவனாம்பட்டினம் கடற்கரைவரை போய் வந்தேன்.

24 நவம்பர்

மழை. நாலு நாளாக வெளியே போகவில்லை. அந்தச் சைக்கிளில் ஆரம்பித்த முட்டி வலி மட்டும் போகவில்லை.

27 நவம்பர்

இன்றைக்கு ஆறு கிலோமீட்டர்தான். அதற்கே இரண்டு முட்டியும் தீப்பிடித்த மாதிரி எரிகிறது. மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். அந்த நேரம் பார்த்து அண்ணி வந்தார்.

"உனக்கெதுக்குடி இந்த வம்பு? சாமி கேட்டாரா? வேன்ல குந்திக்கினு வந்தா வேணாம்னாரா?"

சாமி கேக்கல. நான்தானே சொன்னேன். சொன்னது நான்தானே! குள்ளமா பொறந்தவ சொன்ன சொல்லும் குள்ளமாவா இருக்கும்? அழுகை வந்துவிட்டது. அவர் முன்னால் அழவில்லை, மாவு அரைக்கிற சாக்கில் கிரைண்டரிடம் போய்விட்டேன்.

7 டிசம்பர், ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் குழுவோடு பயிற்சி. எல்லாருக்கும் கடைசியில் நான். திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. பின்னால் நின்றதால் பதினோரு பேருடைய காலும் எனக்குத் தெரிந்தது. ஒன்பது பேர் சீட்டை விட்டு முன்னால் இறங்கி, சட்டத்துக்கு இரண்டு பக்கமும் கால் ஊன்றி நின்றார்கள். இரண்டு பேர் சைக்கிளைச் சாய்த்து ஒரு கால் நுனியை மட்டும் ஊன்றியிருந்தார்கள். சீட்டில் உட்கார்ந்தபடி இரண்டு காலையும் தரையில் வைத்திருந்தது நான் ஒருத்திதான்.

பக்கத்தில் போய்க் கேட்டேன். "சார், நீங்க ஆறு அடி. சீட்டுல ஒக்காந்தா உங்களுக்கு கால் எட்டுமா?"

யோசித்தார். "எட்டாதும்மா. எட்டவும் வேணாம். சீட்டு மிதிக்கிறதுக்கு, நிக்கிறதுக்கில்ல."

"அப்ப எனக்கு மட்டும் எட்டணும்னு ஏன் சார் எல்லாரும் பாத்தீங்க?"

கேட் திறந்தது.

8 டிசம்பர்

சீட்டை ஒன்பது சென்டிமீட்டர் ஏற்றினேன். இடது பெடலில் நின்று, ஒரு மிதி மிதித்து, அப்புறம்தான் உட்காருவது. நிறுத்தும்போது முதலில் முன்னால் இறங்குவது, பிறகுதான் பிரேக்கை முழுசாகப் பிடிப்பது. முறை மாறினால் தரைதான். இரண்டு தடவை மாறியது. இவர் பின்னால் ஓடி வந்தார். "வுடு கொளஞ்சி, வுடு" என்றார். எதை விடச் சொன்னார், சைக்கிளையா, ஆசையையா? இரண்டையும் விடவில்லை.

முட்டி எரிச்சல் பாதி குறைந்தது. மீதிப் பாதி ஏன் இருக்கிறது?

10 டிசம்பர்

கண்டுபிடித்தேன். பெடல் மேலே வரும்போது தொடை வயிற்றில் முட்டுகிறது. பெடலைத் தாங்கும் இரும்புக் கை, அதைக் கிராங்க் என்கிறார்கள், அதை டேப்பால் சென்டிமீட்டரில் அளந்தேன். 17. அரசாங்க சைக்கிளை அளந்தேன். 17. சார் வீட்டுக்குப் போய் அவருடையதை அளந்தேன். அதுவும் 17! ஆறு அடி ஆளுக்கும் பதினேழு, எனக்கும் பதினேழா? சின்னச் செருப்பு கேட்டால் வாரை மட்டும் சுருக்கிவிட்டு அடியை அப்படியே விடுகிற மாதிரி இருக்கிறது.

கிராங்கைச் சின்னதாக்கினால், சின்னதான அளவுக்குச் சீட்டை இன்னும் ஏற்றலாம். இரண்டும் சேர்ந்து, பெடல் மேலே வரும்போது முட்டி அந்த அளவைப் போல இரண்டு மடங்கு இறங்கும். தாளில் வட்டம் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. சிதம்பரத்தில் சைக்கிளைப் பிரித்துக் கட்டிக் கொடுக்கிற ஒருவர் இருக்கிறார், சார்லஸ் என்று பேர் என்றாள் இலக்கியா.

13 டிசம்பர், சனி

பஸ்ஸில் சிதம்பரம். கிழக்குக் கோபுரத்தை வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். உள்ளே போகவில்லை. போனால் காலால் போக வேண்டும்.

சார்லஸ் தம்பி என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, உயரம் கேட்கவில்லை. "உள்கால் அளவு தெரியுமாக்கா?" என்று மட்டும் கேட்டார். நோட்டை நீட்டினேன். உள்கால், கை நீளம், எட்டும் தூரம், சீட்டிலிருந்து பெடல்வரை, வரைந்த வட்டம். இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு அக்கா இத சொல்லிக் குடுத்தாங்க?"

"யாருமில்ல தம்பி. முட்டி சொல்லிக் குடுத்துச்சி."

உள்ளே இருந்து ஒரு சட்டம் எடுத்து வந்தார். புதுச்சேரியில் இருந்த வெளிநாட்டு அம்மாள் ஒருவர் ஊருக்குப் போகும்போது கொடுத்ததாம். அவரும் குள்ளமாம். பச்சை நிறம், கனமில்லாத இரும்பு, இருபத்து நாலு அங்குலச் சக்கரம். பக்கத்திலேயே மடிக்கிற சைக்கிள் ஒன்று பளபளவென்று நின்றது. வேனில் வைக்க வசதி என்றார். "வேன்ல வைக்கிறதுக்கு நான் சைக்கிள் தேடல தம்பி" என்றேன். அவர் பச்சையின் பக்கம் போய் ஸ்பேனரை எடுத்தார்.

கிராங்க் 15, சின்னப் பிள்ளைகள் சைக்கிளிலிருந்து. ஹேண்டில் என் தோள் அகலத்துக்கு அறுத்தது. என் விரல் எட்டும்படி பிரேக் கம்பி நெருக்கமாக. பின்னால் ஏழு கியர். புதன்கிழமை ஜெயப்பிரகாஷ் வேன் அந்தப் பக்கம் வரும்போது ஏற்றி அனுப்புவார். விலையை வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதிவிட்டேன், இங்கே வேண்டாம்.

18 டிசம்பர்

வந்துவிட்டது. மிதிக்கிறேன், ஒன்றும் வலிக்கவில்லை. வலிக்கவில்லை! கேரியரில் பையைக் கட்டினால் மட்டும் குதிகால் அதில் தட்டுகிறது. ரெக்ஸினில் பையைத் தைத்தேன், முன்பக்கம் சரிவாக, நாலு விரல் பின்தள்ளி. தட்டவில்லை. இலக்கியாவின் பழைய சுடிதாரையும் கால் பக்கம் மடித்துத் தைத்துக்கொண்டேன்.

21 டிசம்பர், ஞாயிறு

ஆலப்பாக்கம் போய் வந்தேன்.

போகும்போது காற்று முதுகில். திரும்பும்போது வாடைக்காற்று நேராக மூஞ்சியில். அன்பரசு உட்பட நாலு பேர் புளியமரத்தடியில் நின்றுவிட்டார்கள். நான் கியரைக் குறைத்து, மிதிக்கு ஒரு எழுத்தாக ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவசரமில்லை, நிறுத்தமும் இல்லை. எனக்குக் காற்று பிடிக்கிற உடம்பு கொஞ்சம்தான். வாழ்க்கையில் முதல் தடவையாக என் உயரம் எனக்கு உதவிய நாள். மூன்றாவதாக வந்து சேர்ந்தேன்.

சார் மாடியிலிருந்து பட்டியலைக் கொண்டு வந்து, எல்லார் முன்னாலும் என் பேரை வேனில் அடித்து சைக்கிளில் எழுதினார். பேனா எழுதவில்லை. என் பேனாவைக் கொடுத்தேன்.

2 ஜனவரி 2026, வெள்ளி. சிதம்பரம்

விடிவதற்கு முன் கிளம்பினோம். சைக்கிள்: பன்னிரண்டு பேர். வேன் முன் சீட்டு: அண்ணி. வேன் பின்னாடி: பாத்திரம், இவர், அரிசி மூட்டை.

"களி கிண்ட ஆளு வேணாமா?" என்று இவரே ஏறிக்கொண்டார். புதுச்சத்திரத்தில் டீக்கு நின்ற வேனைத் தாண்டினேன். பின்கதவு வழியாகத் தலையை நீட்டி, "ஏ கொளஞ்சி! மெதுவா போ, சாமி எங்கயும் போயிடாது!" என்று கத்தினார். அண்ணி முன் சீட்டிலிருந்து நான் மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாராம், ஜெயப்பிரகாஷ் அப்புறம் சொன்னார்.

வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது கோபுரம் தெரிந்தது. இறங்கவில்லை, மிதித்தேன்.

3 ஜனவரி

தரிசனம் ஆயிற்று. இந்தத் தடவை முகத்தைப் பார்த்தேன்.

18 ஜனவரி, ஞாயிறு

பொங்கல் சந்தடி அடங்கியதும் அண்ணி வந்தார். கதவைச் சாத்தினார். "டேப்ப எடு" என்றார்.

சுவரில் சாய்த்து நிற்க வைத்தேன். "கொண்டைய அவுருங்க அண்ணி."

"அது எதுக்குடி?"

"கொண்ட சைக்கிள் ஓட்டாது அண்ணி."

முறைத்தார். அவிழ்த்தார். நாலு அடி எட்டு அங்குலம். இருபத்து மூன்று வருஷமாக அண்ணியை நெட்டை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "வெளிய மூச்சு விட்ட, தெரியும்" என்றார். போகும்போது வாசலில் நின்று, "செவப்பா இருந்தா பரவாயில்ல" என்றார்.

சார்லஸுக்கு இன்று அனுப்பிய கடிதத்தின் நகல்:

தம்பி சார்லஸுக்கு, கடலூர் கொளஞ்சி எழுதுவது. பச்சை சைக்கிள் இதுவரை 214 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. செயின் ஒரு தடவை கழன்றது, நானே மாட்டிவிட்டேன். இப்போது இன்னொரு அம்மாளுக்கு அதே மாதிரி ஒன்று வேண்டும். யார் என்று கேட்க வேண்டாம். உயரம் நாலு அடி எட்டு, உள்கால் 64, கை நீளம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கிராங்க் பதினைந்துக்கு மேல் வேண்டாம். சிவப்பு நிறம். சீட்டை எவ்வளவு இறக்கச் சொன்னாலும் இறக்க வேண்டாம், நான் சொல்லிக்கொள்கிறேன். மாசி மகத்துக்குள் அவர் பழகியாக வேண்டும். சட்டம் இருக்கிறதா, இல்லையா என்று வியாழக்கிழமைக்குள் பதில் சொல்லவும்.